எல்லாப் பாட்டுலயும் எங்க அண்ணன் மூக்கு

பிரியாவுக்கும் ஷுவோவுக்கும்,

எனக்கு இருபத்திநாலு வயசு. இந்த வெள்ளிக்கிழமையோட ரிட்டையர் ஆகுறேன். ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறாங்க, ஏன்னா நீங்க வர்ற வரைக்கும் அந்த ஜன்னலோரம் ஹெட்போன் மாட்டி உக்காந்திருந்த பழைய ஆளு நான்தான். போறதுக்கு முன்னாடி புதுசா வர்றவங்களுக்கு உன் அனுபவத்தை எழுதிக் குடுன்னு தீதி சொன்னாங்க. தீதின்னா பெங்காலியில அக்கா, நம்ம டைரக்டர். மேடம்னு கூப்பிட்டா அவங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க, அதை முதல்ல தெரிஞ்சுக்குங்க.

எட்டாவதோட நின்னவ நான். பேசுற மாதிரிதான் எழுத வரும். ஷுவோ, உனக்குத் தமிழ் தெரியாது, பிரியா படிச்சுச் சொல்லுவா. பிரியா, சங்கடமான இடம் வந்தா தாவிப் போகாதே. அவன் உன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருவான்.

மெஷினை எப்படிப் போடறது, கம்ப்யூட்டர்ல எப்படி வெட்டறது எல்லாம் நான் எழுதப் போறதில்ல. அதை நாலு நாள்ல கத்துக்குவீங்க. எதை வெட்டறது எதை விடறதுங்கிறது வேற. அதைப் பத்திதான்.

நம்ம வேலை என்னன்னு வெளிய கேட்டா சொல்றதுக்கே கஷ்டம். கொஞ்சப் பேரு மட்டும் பேசுற மொழிங்க இருக்கில்ல, அவங்க வீட்டுல, வயல்ல, சாவுல பாடுற பாட்டைப் போய் ரெகார்ட் பண்ணிட்டு வந்து பத்திரமா வெக்கிறது. எங்க அம்மா இதை இன்னும் நம்பல. "பாட்டு கேக்கிறதுக்குச் சம்பளமாடி"ன்னுதான் கேப்பாங்க. வெளிய போய் ரெகார்ட் பண்ணது எங்க அண்ணன் முருகேசன். ஆபீஸ்ல முருதா, 'தா'ன்னா இங்க அண்ணன். அவன் கொண்டு வர்றதைக் கேட்டு, சுத்தம் பண்ணி, காப்பி எடுத்து வெக்கிறது நான். அவன் சொல்லித்தான் என்னை இங்க சேத்தாங்க.

அண்ணனுக்குச் சைனஸ். மூக்கால மூச்சு விட்டா சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்கும். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவனே அவன்தான்கிறதால பாடுறவங்களை விட அவன் மூக்கு மைக்குக்குப் பக்கம். நம்மகிட்ட எத்தனையோ மொழி இருக்கு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்ல. எல்லாத்துக்கும் பொதுவா இருக்கிறது எங்க அண்ணன் மூக்குதான். ஒரு தடவை வெளியூர்ல இருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து ஒரு சந்தாலிப் பாட்டோட ஒரிஜினலைக் கேட்டார். பின்னாடி துருத்தி மாதிரி ஒண்ணு கேக்குதே, என்ன வாத்தியம்னார். தீதி சிரிக்காம, "அது தமிழ்நாட்டு வாத்தியம்"னாங்க. அவர் தலையை ஆட்டிக்கிட்டார்.

ரூம் டோன்னு ஒண்ணு உண்டு. பாட்டு முடிஞ்சதும் மெஷினை உடனே அணைக்கக் கூடாது. எல்லாரையும் கொஞ்ச நேரம் பேசாம இருக்கச் சொல்லி அந்த இடத்தோட சும்மா சத்தத்தை எடுக்கணும். ஃபேன், காக்கா, தூரத்து ரயில், அதெல்லாம். பின்னாடி எங்கயாவது இருமலையோ தும்மலையோ வெட்டினா அங்க ஓட்டை விழும். ஓட்டையில அந்தச் சும்மா சத்தத்தை வெச்சு அடைக்கணும். வேற இடத்துச் சத்தத்தை வெச்சா காதுக்குத் தெரிஞ்சிரும், சட்டையில வேற துணி ஒட்டுப் போட்ட மாதிரி. ரூமே இல்லாத வெட்டவெளியில எடுத்தாலும் அதுக்குப் பேரு ரூம் டோன்தான். ஏன்னு கேக்காதீங்க, நான் கேட்டுப் பாத்துட்டேன்.

அண்ணனுக்கு அவன் மூக்கு தெரியும். அதனால ரூம் டோன் எடுக்கும்போது மட்டும் மூச்சைப் பிடிச்சுக்குவான். மூஞ்சி கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துரும்னு கூடப் போனவங்க சொல்வாங்க. முடிஞ்சதும் புஸ்ஸுன்னு விடுவான். விட்டுட்டு மைக்குல சொல்லுவான்: "கோமு, என் மூக்கை எடுத்துரு." ஒவ்வொரு ரெகார்டிங் கடைசியிலயும் இது இருக்கும். நானும் திட்டிக்கிட்டே எடுப்பேன். என் வேலை என்னன்னு யாராவது கேட்டா, அண்ணன் மூக்கை எடுக்கிறதுன்னு சொல்லலாம். ஒரிஜினலைத் தொடக்கூடாதுங்கிறது தீதியோட சட்டம், அது அப்படியே இருக்கும். காப்பியில மட்டும்தான் எடுப்பேன்.

இப்ப பார்வதி அத்தை கதைக்கு வர்றேன்.

அத்தை ஹவுராவுல எங்க லைன் வீட்டுல மூணாவது வீடு. எங்க அப்பாவும் அத்தை வீட்டுக்காரரும் ஒரே பட்டறையில ஃபிட்டர். அந்தப் பக்கம் தமிழ் ஆளுங்க யாரு செத்தாலும் ஒப்பாரிக்கு அத்தைதான். சேலத்துல கத்துக்கிட்ட மெட்டு, வார்த்தை எல்லாம் இந்த ஊரு. டிராம் வரும், ஆத்தைத் தாண்டுற லாஞ்ச் படகு வரும், ஆஸ்பத்திரி லைன் வரும். தீதி கேட்டதுமே இதை எடுக்கணும்னாங்க. அண்ணன் மைக்கைத் தூக்கிக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போனான்.

"யாரு செத்தா?"ன்னாங்க அத்தை.

"யாரும் சாகல அத்தை. சும்மா ரெகார்டிங்."

"விளக்கேத்தி வெச்சிருக்கேன், பேரன் தூங்குறான், சாகாத வீட்டுல ஒப்பாரி வெக்கச் சொல்றியா? ஏண்டா மூக்கா, உனக்கு மூக்குதான் அடைச்சிருக்குன்னு நினைச்சேன்."

இது அத்தை மட்டும் இல்ல, எந்த வீட்டுலயும் இதைத்தான் சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள பாடினா வீட்டுக்கு ஆகாது. ஞாபகம் வெச்சுக்குங்க, ஒப்பாரி கேட்டுப் போனா வீட்டு வாசல்படி ஏறாதீங்க, வெளிய கூட்டிட்டுப் போங்க. ஆத்தங்கரைக்குப் போலாம்னா லாஞ்ச் சத்தம். அதனால அண்ணன் அத்தையை லாஞ்ச்ல, அப்புறம் பஸ்ல ஏத்தி, டாக்குரியா லேக்குக்குக் கூட்டிட்டுப் போனான். மத்தியானம், வாக்கிங் ஆளுங்க எல்லாம் போன நேரம். நானும் கூடப் போனேன். நான் வெளிய போனதே அந்த ஒரு தடவைதான்.

மரத்தடியில உக்காந்து அத்தை ஆரம்பிச்சாங்க. மெட்டு வருது, வார்த்தை வருது, அழுகை வரல. நிறுத்திட்டாங்க. "யாருக்குன்னுடா அழறது? ஆள் வேணும்ல"ன்னாங்க. மறுபடி ஆரம்பிச்சு மறுபடி நிறுத்தினாங்க.

பக்கத்து பெஞ்சில ஒரு பெங்காலி பெரியவர் உக்காந்திருந்தார். எழுந்து வந்து மெதுவா, "கே கேச்சே?"ன்னார். யாரு போயிட்டாங்கன்னு கேக்கிறார். அண்ணன் பெங்காலியில, சித்தப்பாங்கிற மாதிரி காக்குன்னு கூப்பிட்டு, "யாரும் இல்ல காக்கு, இதுவரைக்கும் யாரும் இல்ல"ன்னான். பெரியவருக்கு அது புரியல. அண்ணன் எல்லாத்தையும் விளக்கிச் சொன்னான். சாவு இல்லாம அத்தைக்கு அழுகை வராதுங்கிறதையும் சொன்னான்.

அவர் தண்ணிப் பக்கம் திரும்பிக்கிட்டார். அப்புறம், "என் மனைவி போயிட்டா. அவளுக்கு யாரும் இப்படிப் பாடல. எங்க வீட்டுல எல்லாரும் படிச்சவங்க"ன்னார்.

நான் அத்தைக்குத் தமிழ்ல சொன்னேன். அத்தை நிமிந்து உக்காந்தாங்க. "எப்படிப்பட்ட பொம்பளைன்னு கேளு"ன்னாங்க. கேட்டேன். பெரியவர் ரொம்ப யோசிச்சுட்டு, "நான் வாங்கிட்டு வர்ற மீனை ஒரு நாளும் நல்லாயிருக்குன்னு சொன்னதில்ல"ன்னார்.

"இது போதும்"னாங்க அத்தை.

மீனு வாங்கி வந்து நிக்காரு மகராசன் வாசலிலே
நாறுதுன்னு சொல்லி வைய நாதியொண்ணு இல்லையே

அப்படித்தான் எடுத்தாங்க. ரெண்டாவது வரியில குரல் உடைஞ்சிருச்சு. ஒவ்வொரு வரிக்கும் நடுவுல வாயால மூச்சை இழுத்து ஒரு விம்மல். ஒப்பாரியில அந்த விம்மல்தான் தாளம், வேற தாளம் கிடையாது. பெரியவருக்கு ஒரு வார்த்தை புரியல, அவர் பாட்டுக்கு அழுதுக்கிட்டிருந்தார். அண்ணனும் அழுதான். சைனஸ் இருக்கிறவன் அழுதா என்ன சத்தம் வரும்னு யோசிச்சுக்குங்க.

முடிஞ்சதும் ரூம் டோன். எல்லாரும் சும்மா இருந்தோம். அண்ணன் கத்திரிக்காய் ஆனான். புஸ். "கோமு, என் மூக்கை எடுத்துரு." அப்புறம் பெரியவர்கிட்ட, "காக்கு, இதைச் சுத்தம் பண்ணி ஒரு நாள் உங்களுக்குப் போட்டுக் காட்டுறேன்"னு சொன்னான். அவர், நான் தினம் இந்த பெஞ்சிலதான் இருப்பேன்னார்.

துர்கா பூஜை முடிஞ்ச கையோட அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துச்சு. டெங்கு. மூக்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர், இவருக்கு மூச்சு நல்லாத்தான் இருக்குன்னார். மறுநாள் இல்ல.

அத்தை வந்து அழுதாங்க. இந்தத் தடவை யாருக்குன்னு கேக்கல.

தீதி வந்தாங்க. எங்க போனாலும் தோள்ல தொங்குமே அந்த ரெகார்டர் பை, அது அன்னைக்கும் இருந்துச்சு. வந்து கீழ உக்காந்து பையை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டாங்க. அத்தை அன்னைக்குப் பாடின மாதிரி நான் எப்பவும் கேட்டதில்ல. பை திறக்கவே இல்ல. ரொம்ப நாள் கழிச்சு நான் கேட்டேன், ஏன் தீதி எடுக்கலன்னு. "யார்கிட்ட அனுமதி கேக்கிறது? கேக்க வேண்டிய ஆளுங்க எல்லாம் அழுதுக்கிட்டிருந்தீங்க"ன்னாங்க. நான், "பரவால்ல, நான் சரின்னு சொல்லியிருப்பேன்"னேன். "அதனாலதான் கேக்கல"ன்னாங்க. இது எனக்கு அப்ப புரியல. இப்ப கொஞ்சம் புரியுது. உங்களுக்கு உடனே புரிஞ்சா நல்லது.

அப்புறம் நம்ம ஆபீஸ் ஜாதவ்பூர்ல ஒரு ஹால்ல கேக்கிற ரூம் திறந்துச்சு, நீங்க பாத்திருப்பீங்க, ஹெட்போன் வெச்சு ஜனங்க உக்காந்து கேக்கிற இடம். முதல் பாட்டா அத்தையோட பாட்டு. கீழ அத்தை பேரும் ரெகார்ட் பண்ணவன்னு அண்ணன் பேரும். அந்தப் பாட்டை மட்டும் நான் சுத்தம் பண்ணவே இல்ல. திறந்தா மூக்குதான் முதல்ல கேக்கும். தீதிக்கு அது தெரியும், அதனால என்கிட்ட கேக்காமயே வெளிய ஒரு ஸ்டூடியோவுக்குக் குடுத்துட்டாங்க. நான் லேக்குக்குப் போய்ப் பெரியவரைக் கண்டுபிடிச்சுத் திறப்பு விழாவுக்கு வரச் சொன்னேன். அண்ணன் ஏன் வரலன்னு கேட்டார். சொன்னேன். பெஞ்சில நகந்து எனக்கு இடம் விட்டார்.

விழா சாயங்காலம். அன்னைக்குக் காலையில அத்தையைக் கூட்டிட்டு வந்து ஹெட்போனை மாட்டி விட்டோம். பாடினவங்க கேட்டுச் சரின்னு சொல்லாம வெளிய விடக்கூடாதுங்கிறதும் நம்ம சட்டம். அத்தை முழுசாக் கேட்டாங்க. கழட்டி மேஜை மேல வெச்சாங்க.

"நல்லாப் பாடியிருக்கா. யாரு இவ?"

"நீங்கதான் அத்தை."

"நானா? நான் மூச்சே விடாமலா அழுதேன்?"

நானும் கேட்டேன். ஸ்டூடியோக்காரங்க நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. மூச்சுச் சத்தத்தை எல்லாம் எடுன்னா மெஷின் எல்லாத்தையும் எடுத்திருச்சு. அண்ணன் மூக்கு இல்ல. அத்தையோட விம்மலும் இல்ல. வரி முடியுது, அடுத்த வரி வருது. மழமழன்னு இருக்கு.

"கல்யாண வீட்டுல கூடப் போடலாம் இதை. வேணாம் தீதி"ன்னாங்க அத்தை. "அந்த ஐயா வந்து கேட்டா, கடனேன்னு அழுதிருக்கான்னு நினைப்பாரு. போடாதீங்க."

நான் தீதிக்குச் சொன்னேன். தீதி டீ சொன்னாங்க. அவங்க ஒரு முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி டீ வரணும். டீ வந்துச்சு. "அப்ப ஒரிஜினலையே போட்டுருவோமா?"ன்னாங்க. போட்டுப் பாத்தோம். ரூம்ல வயர் இழுத்துக்கிட்டிருந்த எலக்ட்ரீஷியன் கேட்டுட்டுச் சிரிச்சுட்டான். பாவம், தப்பா நினைச்சுச் சிரிக்கல. அப்படித்தான் இருக்கு அது. ஒரு பொம்பளை கதறி அழுறா, பக்கத்துல ஒருத்தன் சைக்கிளுக்குக் காத்தடிக்கிறான்.

"அப்ப வேற பாட்டை முதல்ல வெக்கலாம்"னாங்க தீதி. "முருவோட பேரை வேற எங்கயாவது போட்டுக்கலாம்."

பெரியவர் சாயங்காலம் வருவார். போட்டுக் காட்டுறேன்னு அண்ணன் அவர்கிட்ட சொன்னது இந்தப் பாட்டைத்தான். அவர் வந்து கேட்டா வேற ஏதோ மொழியில நாத்து நடுற பாட்டு ஓடும்.

"எந்த மூச்சு யாரோடதுன்னு மெஷினுக்குத் தெரியாது. கையாலதான் பிரிக்கணும்"னேன்.

"யாரு பிரிப்பா?"

"நான்தான் தீதி. என் வேலை அதுதானே."

"கோமு, நீ செய்யணும்னு இல்ல."

"வேற யாருக்கும் அவன் மூக்கு தெரியாது."

தீதி என்னைப் பாத்தாங்க. என் டீயை எடுத்து மேஜையில இருந்து தள்ளி வெச்சாங்க, மெஷின்ல கொட்டிரக் கூடாதுன்னு. அவ்வளவுதான்.

உக்காந்தேன். அத்தையோடது உள்ள போற மூச்சு, வாயால. அண்ணனோடது வெளிய வர்ற மூச்சு, மூக்கால. கண்ணை மூடினாலும் தெரியும். ஒரே ரூம்ல படுத்து வளந்தவங்க நாங்க, அவன் தூங்கிட்டானா நடிக்கிறானான்னு அதை வெச்சுத்தான் கண்டுபிடிப்பேன். ஒவ்வொண்ணா எடுத்தேன். இத்தனை நாள் திட்டிக்கிட்டே எடுத்தது, அன்னைக்குத் திட்ட வரல. அத்தை பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருந்தாங்க. பாதியில, "எடுத்து எடுத்து எங்கடி போடறே?"ன்னு கேட்டாங்க. "எங்கயும் போடல அத்தை, ஒரிஜினல்ல இருக்கு"ன்னேன். "அப்ப சரி"ன்னாங்க.

எடுத்து முடிச்சா பாட்டு முழுக்க ஓட்டை. அடைக்கணும். கடைசிக்குப் போய் ரூம் டோனை எடுத்தேன். மரத்துல காக்கா, தூரத்துல லோக்கல் ட்ரெயின், தண்ணி. வேற ஒண்ணும் இல்ல. நல்ல ரூம் டோன், ஒரு தும்மல் கூட இல்ல. அதைத் துண்டு துண்டா வெட்டி ஓட்டையில வெச்சுக்கிட்டே வந்தேன். நாலஞ்சு ஓட்டை அடைச்ச பிறகுதான், இது ஏன் இவ்வளவு சுத்தமா இருக்குன்னு எனக்கு உறைச்சுது.

கையை எடுத்துட்டேன். அத்தை, "என்னடி?"ன்னாங்க. "ஒண்ணுமில்ல"ன்னேன். அப்புறம் மீதி ஓட்டையையும் அடைச்சேன்.

மறுபடி அத்தைக்குப் போட்டுக் காட்டினோம். இந்தத் தடவை ஹெட்போனைக் கழட்டல. முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "இது நான்தான்"னாங்க.

சாயங்காலம் பெரியவர் இஸ்திரி போட்ட பஞ்சாபி ஜிப்பா போட்டுக்கிட்டு வந்தார். முதல் ஆளா உக்கார வெச்சோம். கண்ணை மூடிக் கேட்டார். முடிஞ்சதும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் என்கிட்ட வந்தார்.

"அந்தப் பையன் அன்னைக்கு என் பக்கத்துலதான் நின்னு அழுதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதுல அவன் சத்தம் கொஞ்சம் கூட இல்லையேம்மா"ன்னார்.

"இருக்கான் காக்கு"ன்னேன். "அத்தை நிறுத்துற இடத்துல எல்லாம் சும்மா இருக்கில்ல, அங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

அவர் திரும்பப் போய் உக்காந்து ஹெட்போனை மாட்டிக்கிட்டார். பின்னாடி வரிசையில நின்னவங்க முணுமுணுத்தாங்க. தீதி யாரையும் அவர்கிட்ட போக விடல.

அடுத்த வாரம் ஹவுராவுல ரயில் ஏறிச் சேலம் போறோம். அப்பாவுக்கு இனி இந்த ஊர்ல காலம் ஓடாதாம். எனக்கும் அங்க என்ன வேலைன்னு தெரியல. பாட்டு கேக்கச் சம்பளம் குடுக்கிற ஆபீஸ் இன்னொண்ணு இருக்காதுன்னு அம்மா சொல்றாங்க.

நீங்க ரெண்டு பேரும் வெளிய போவீங்க. ரூம் டோன் எடுக்க மறக்காதீங்க. எடுக்கும்போது மூச்சைப் பிடிக்க வேணாம், சாதாரணமா விடுங்க. அது பாட்டுக்கு டேப்ல இருக்கட்டும். பின்னாடி எடுக்கிறவங்க திட்டிக்கிட்டே எடுத்துக்குவாங்க.

கோமதி